குவியம் யாருடையது?
தானியங்கிக் குவியமும் அளவுத்திருத்தமும் குறித்துச் சில குறிப்புகள்

1

ஓர் எந்திரம் தன்னிடம் பிழை நேரலாம் என்று தானே ஒப்புக்கொள்ளும் இடங்கள் மிகக் குறைவு. கேமராவின் வரலாற்றில் அப்படியோர் இடம் 2007இல் வெளிப்படையாகக் கிடைத்தது. அந்த ஆண்டு வந்த கேனன் இஓஎஸ்-1டி மார்க் 3, நிக்கான் டி3, டி300 ஆகிய கேமராக்களில் மெனுவுக்குள் மெனுவாகப் புகுந்து போனால் ஒரு சின்ன அளவுகோல் தென்படும். நடுவில் சைபர். ஒரு பக்கம் மைனஸ் 20, மறுபக்கம் பிளஸ் 20. தானியங்கிக் குவியம், அதாவது நாம் ஆட்டோஃபோகஸ் என்று சொல்வது, லென்ஸை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதோ அங்கிருந்து கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ தள்ளி நிறுத்தும்படி கட்டளையிடும் அளவுகோல் அது. லென்ஸுக்கு லென்ஸ் தனித்தனி எண். வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பது போன்ற வேலை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'நீ பட்டனை அமுக்கு, குவியத்தை நான் பார்த்துக்கறேன்' என்று இருபது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லி விற்கப்பட்ட ஓர் ஏற்பாடு, திடீரென்று 'நான் பார்த்தது சரியில்லாமலும் இருக்கலாம், நீயே ஒரு தடவை சோதிச்சுக்கோ' என்று வாங்கியவனிடமே திரும்பிச் சொல்கிறது. 'ஃபோகஸ்ல என்னங்க அரசியல்? இது மெக்கானிக் சமாச்சாரம்' என்று நண்பர்கள் கேட்கலாம். மெக்கானிக் சமாச்சாரம்தான். ஆனால் கூர்மை, துல்லியம், தெளிவு போன்ற சொற்களை நாம் விமர்சனத்திலும் அரசியலிலும் யோசிக்காமல் பயன்படுத்தி வருகிறோம். அவை ஏதோ பொருளின் இயற்கையான பண்புகள் போலப் பேசுகிறோம். இந்தச் சின்ன அளவுகோலின் வரலாற்றைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனால், கூர்மை என்பது இரண்டு அளவைகளுக்கு இடையில் போடப்படும் ஒப்பந்தம் என்பது தெரிகிறது. ஒப்பந்தத்தை யார் எழுதுகிறார்கள், யார் திருத்தலாம், யார் திருத்தக்கூடாது என்பவைதான் எனக்கு முக்கியமான கேள்விகள்.

2

முதலில் எந்திரத்தைத் திறந்து பார்த்துவிடுவோம். கண்ணாடி வைத்த கேமராவில் (எஸ்எல்ஆர், டிஎஸ்எல்ஆர் இரண்டுக்கும் இது பொருந்தும்) லென்ஸ் வழியே வரும் ஒளி இரண்டு பாதைகளில் பிரிகிறது. சாய்ந்து நிற்கும் பெரிய கண்ணாடி அதில் பெரும்பகுதியை மேலே, நாம் கண் வைக்கும் இடத்துக்கு அனுப்புகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை ஊடுருவ விடும். ஊடுருவிய ஒளியைப் பின்னால் இருக்கும் சிறிய துணைக்கண்ணாடி கீழ்நோக்கித் திருப்புகிறது. கேமராவின் அடித்தளத்தில் இருக்கும் குவிய உணரி அதை வாங்குகிறது. லென்ஸின் எதிரெதிர் ஓரங்கள் வழியாக வந்த ஒளியை இரண்டு பிம்பங்களாகப் பிரித்து, அவற்றுக்கு இடையிலான தூரத்தை அளக்கிறது உணரி. இருக்க வேண்டிய தூரம் இருந்தால் குவியம் சரி. குறைந்தாலோ கூடினாலோ எந்தப் பக்கம், எவ்வளவு தவறு என்பது ஒரே அளவையில் தெரிந்துவிடும். லென்ஸின் மோட்டார் அந்த அளவுக்குச் சுழலும்.

பட்டனை முழுசாக அமுக்கியதும் இரண்டு கண்ணாடிகளும் மேலே மடங்கிக்கொள்கின்றன. ஒளி நேராகப் பின்னால் போய்ப் படச்சுருளிலோ டிஜிட்டல் உணரியிலோ விழுகிறது. ஆக, குவியத்தைத் தீர்மானித்த கண் வேறு; படத்தைப் பதிவு செய்யும் கண் வேறு. பதிவு நிகழும் அந்தக் கணத்தில் தீர்மானித்த கண் குருடாக இருக்கிறது. லென்ஸிலிருந்து துணைக்கண்ணாடி வழியே குவிய உணரிக்கு உள்ள தூரமும், லென்ஸிலிருந்து படத்தளத்துக்கு உள்ள தூரமும் ஒன்றே என்கிற நம்பிக்கையில்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது. அந்த நம்பிக்கை மில்லிமீட்டரில் மிகச்சிறிய பின்னம் அளவு பொய்த்தாலும் போதும். கண்ணைக் குறிவைத்தால் மூக்கு நுனி கூர்மையாக விழும் (ஃப்ரன்ட் ஃபோகஸ் என்பார்கள்), அல்லது காதோர முடி கூர்மையாக விழும் (பேக் ஃபோகஸ்).

எவ்வளவு சிறிய இடத்துக்குள் இந்த விளையாட்டு நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. முழுச்சட்டகக் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 அளவுக்குத் திறந்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரைப் படமெடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ. கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையில் உள்ள தூரமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்.

3

தீர்மானிக்கும் கண்ணும் பதியும் கண்ணும் வேறுபடுவது டிஜிட்டல் காலத்துப் பிரச்சினை இல்லை. புகைப்படம் பிறந்தபோதே இந்தப் பிளவும் கூடப் பிறந்துவிட்டது. டாகெரோடைப் தகடு நீலம், ஊதா ஒளிக்கே அதிகம் எதிர்வினை செய்யும். மனிதக் கண் மஞ்சள், பச்சை ஒளியில்தான் பிரகாசத்தை உணர்கிறது. நிறம் மாறினால் லென்ஸில் குவியும் இடமும் மாறும். எனவே 1840களில் புகைப்படக்காரர் மங்கல் கண்ணாடியில் கண்ணால் பார்த்துக் கூர்மையாக வைத்த முகம், தகட்டில் மங்கலாக விழுந்தது. கண்ணின் குவியம் ஒன்று, ரசாயனத்தின் குவியம் வேறொன்று.

பிரான்சில் பிறந்து லண்டனில் ஸ்டுடியோ நடத்திய அந்துவான் கிளாடே இந்தச் சிக்கலைத் துருவி ஆராய்ந்தவர். அதற்காக ஒரு கருவியையும் செய்தார்: குவியமானி. எண்ணிட்ட சின்னச் சின்னத் தகடுகள் ஒன்றுக்கொன்று சற்றுப் பின்தள்ளி வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றின் மேல் கண்ணால் குவியம் வைத்துப் படமெடுக்க வேண்டும். பதிவில் எந்த எண் கூர்மையாக விழுந்தது என்று பார்த்தால், கண் பொய் சொன்னதா, தகடு பொய் சொன்னதா என்கிற வழக்குக்கே இடமில்லாமல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தெரிந்துவிடும். அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப லென்ஸை நகர்த்திக்கொள்ளலாம். இன்று சாய்த்து வைத்த ஸ்கேலைப் படமெடுத்துத் தன் லென்ஸைச் சோதிப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, கிளாடேயின் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பழைய பிளவும் முழுக்க மறைந்துவிடவில்லை. டிஎஸ்எல்ஆரின் குவிய உணரி, படம் பதியும் உணரியைப் போலவே நிறங்களைப் பார்ப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் சரியாக வைத்த திருத்தம் குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் சற்று விலகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு ஒப்பந்தத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேலே 3 செ.மீ. என்று நான் எழுதிய கணக்கு எங்கிருந்து வந்தது? கச்சிதமாகக் குவிந்த ஒரு புள்ளி புள்ளியாக விழும். குவியாத புள்ளி சின்ன வட்டமாக விழும். அந்த வட்டம் எவ்வளவு பெரிதாகும்வரை அதைப் 'புள்ளி' என்றே ஏற்றுக்கொள்வது? 35 மி.மீ. படச்சுருளுக்கு வழக்கமாக 0.03 மி.மீ. என்று வைத்துக்கொண்டார்கள். நடுத்தர அளவுக்குப் பெரிதாக்கிய ஒரு பிரதியை, சுமார் 25 செ.மீ. தூரத்தில் கையில் வைத்துப் பார்க்கும் ஒரு 'சராசரிக் கண்' என்கிற அனுமானம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. லென்ஸ்களில் பொறிக்கப்பட்ட ஆழக்கோடுகள், பாடப்புத்தக அட்டவணைகள் எல்லாம் இந்த முகமற்ற பார்வையாளரை நம்பியே எழுதப்பட்டவை. இயல்புநிலை என்பது அளவையாக மாறி, அளவை பிறகு இயற்கையாக மாறுவதைப் பற்றி ஃபூக்கோ சிறைச்சாலையையும் மருத்துவமனையையும் வைத்துப் பேசினார். லென்ஸின் கழுத்தில் இருக்கும் கோட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

4

இந்த அளவையை நேருக்கு நேர் கேள்வி கேட்ட ஒருவர் உண்டு: ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆம் வயதில், 1863இன் இறுதியில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவோடு தொடங்கியவர். டென்னிசன், டார்வின், வானியலாளர் ஜான் ஹெர்ஷல் போன்றோரின் முகங்களை மிக அருகில், மென்மையான குவியத்தில் படமாக்கினார். லண்டனின் புகைப்பட இதழ்கள் அவற்றைக் குவியம் தவறிய படங்கள் என்று கடிந்தன. பெண், அதிலும் தொழில் படிக்காத பெண், கருவியைக் கையாளத் தெரியவில்லை என்கிற ஏளனமும் அதில் கலந்திருந்தது. 1864 டிசம்பரில் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் எழுப்பிய கேள்வி புகைப்பட வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படுவது: குவியம் என்றால் என்ன, எது முறையான குவியம் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? தான் செய்ததை அவர் பின்னாளில் விளக்கியபோது, மங்கல் கண்ணாடியில் பிம்பம் அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டதாகவும், மற்றவர்கள் வற்புறுத்தும் இன்னும் கூர்மையான இடத்துக்கு லென்ஸைத் திருகவில்லை என்றும் சொன்னார்.

நமது பெண்ணிய, நவீனத்துவ வாசிப்புகள் இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடும். கதை அதோடு முடியவில்லை. கேமரனின் கணவர் சார்லஸ் ஹே கேமரன், இலங்கையின் காலனிய நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவில் இருந்தவர். இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். 1875இல் குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கேமரன் எடுத்தவற்றில் எஞ்சியிருப்பவை மிகச் சில படங்கள்தான். தோட்டத் தொழிலாளர்களும் ஊர்க்காரர்களும் அவற்றில் இருக்கிறார்கள். காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் தாண்டிப் போன நம் ஜனங்கள் என்பது தெரிந்ததே. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர்கூட வரலாற்றில் நிற்கிறது. இலங்கைப் படங்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் 'விவசாயிகள்', 'பெண்' என்று வகைப்பெயர்களால் மட்டுமே அறியப்படுகிறார்கள். 1879 ஜனவரியில் மலைநாட்டிலேயே இறந்த கேமரனின் கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

'எது முறையான குவியம் என்று சொல்லும் உரிமை யாருக்கு' என்கிற கேள்வி லண்டன் விமர்சகர்களைப் பார்த்துக் கேட்கப்பட்டபோது அதிகாரத்துக்கு எதிரான கேள்வி. தோட்டத்து முதலாளியம்மாவின் கேமராவுக்கு முன் நின்ற தொழிலாளிக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே இருந்ததில்லை. குவியத்தின் உரிமையைக் கேட்பவர் இன்னொருவரின் உரிமை மேல் நின்றுகொண்டும் கேட்கலாம். இதற்காகக் கேமரனின் கேள்வியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதை அவர் விட்ட இடத்திலிருந்து மேலே கொண்டுபோக வேண்டும்.

5

நூறு வருஷத்துக்கும் மேலாக, குவியம் கையால் செய்யும் வேலையாக இருந்தது. மங்கல் கண்ணாடியில் பார்த்துத் திருகுவது, தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது எல்லாமே உடம்பில் ஏறிய பயிற்சி. சினிமாவில் இதற்கென்று தனி ஆளே உண்டு. கேமராவின் மேல் படத்தளத்தைக் காட்டும் ஒரு குறி, வட்டத்தின் குறுக்கே கோடு, பொறித்திருக்கும். ஃபோகஸ் புல்லர் அதிலிருந்து டேப்பை நீட்டி நடிகர் மூக்குவரை அளந்து குறித்துக்கொள்வார். இங்கே அளவை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, அளப்பவரும் தெரிகிறார், தவறினால் யாரைக் கேட்பது என்றும் தெரியும்.

இந்த உழைப்பை எந்திரத்துக்கு மாற்றும் முயற்சிகள் 1960களில் தொடங்கின. லைக்கா கேமராக்களைச் செய்த ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் வரிசையாகக் காப்புரிமைகள் பெற்று, 1976இல் கண்காட்சியில் ஒரு மாதிரியையும் காட்டியது. ஆனால் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. 1977இல் ஜப்பானின் கொனிக்கா சி35 ஏஎஃப் வந்தது. பெருமளவில் உற்பத்தியான முதல் தானியங்கிக் குவியக் கேமரா அதுதான். அதனுள் இருந்த குவியம் பார்க்கும் பகுதி அமெரிக்க ஹனிவெல் நிறுவனத்தின் விசிட்ரானிக். 1985இல் மினோல்டா 7000 வந்தது. குவிய உணரியும் மோட்டாரும் உடலுக்குள்ளேயே அமைந்த எஸ்எல்ஆர். சந்தையைப் புரட்டிப் போட்டது. 1987இல் கேனன் தன் பழைய லென்ஸ் பொருத்தியையே கைவிட்டு, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் மோட்டார் வைக்கும் இஓஎஸ் வரிசையைத் தொடங்கியது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் புதிய உடலுக்கு வெளியே நின்றார்கள்.

அதே 1987இல் ஹனிவெல் மினோல்டா மேல் வழக்குப் போட்டது. 1992 பிப்ரவரியில் ஜூரி ஹனிவெல்லின் பக்கம் தீர்ப்புச் சொல்லி 9 கோடியே 63 லட்சம் டாலருக்கும் மேல் தரச் சொன்னது. அடுத்த மாதமே 12 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து மினோல்டா சமரசம் செய்துகொண்டது. மற்ற நிறுவனங்களும் பின்னாலேயே பணம் கட்டின. மினோல்டா கொனிக்காவோடு இணைந்து, 2006இல் கேமராத் தொழிலையே விட்டு வெளியேறியது. வியட்நாமில் போடப்பட்ட கொத்துக் குண்டுகளைத் தயாரித்ததற்காக மின்னியாபொலிஸ் நகரில் 1968 முதல் பல ஆண்டுகள் மக்கள் எதிர்த்துப் போராடிய நிறுவனமும் இதே ஹனிவெல்தான். கேமராவின் உணரி குண்டிலிருந்து பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 'எது கூர்மை' என்று முடிவு செய்யும் முறை ஒரு கம்பெனியின் சொத்தாக இருக்க முடியும், நீதிமன்றத்தில் விலை பேசப்பட முடியும் என்பதையே கவனிக்கச் சொல்கிறேன். கேமரனின் 'உரிமை' என்ற சொல்லுக்கு, 128 வருஷம் கழித்து, சட்டம் இப்படியொரு நேர்ப்பொருள் கொடுத்தது.

6

படச்சுருள் இருந்தவரை எந்திரத்தின் சிறு பிழைகள் பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. படச்சுருளே முழுத் தட்டையாக நிற்காது. அஞ்சலட்டை அளவுப் பிரதியில் எதுவும் தெரியாது. டிஜிட்டல் வந்த பிறகு ஒவ்வொருவரும் தன் படத்தைத் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2012இல் வந்த நிக்கான் டி800 உணரியில் 3 கோடியே 60 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றும் சுமார் 0.005 மி.மீ. அகலம். பழைய ஒப்பந்தம் 'புள்ளி' என்று ஏற்றுக்கொண்ட 0.03 மி.மீ. வட்டம் இதில் ஆறு பிக்சல் அகலமுள்ள மங்கல். பழைய சராசரிக் கண் செத்துவிட்டது. ஆனால் எந்திரங்கள் அதன் உயிலின்படியே நடந்துகொண்டிருந்தன.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். செகண்ட்ஹேண்டாக வாங்கிய ஒரு டிஎஸ்எல்ஆர் உடலையும் ஒரு 85 மி.மீ. லென்ஸையும் வைத்துக் கல்யாணப் படங்கள் எடுத்துவந்த காலத்தில், மணப்பெண்ணின் கண்ணைக் குறிவைத்தால் மூக்குத்தி ஜொலிக்கும், கண் மங்கும். ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். 'பாடி சரியாத்தான் இருக்கு சார். லென்ஸும் சரியாத்தான் இருக்கு. ரெண்டுமே ஸ்பெக்குக்குள்ளதான் இருக்கு' என்றார் அங்கே இருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

தொழிற்சாலையில் எதுவும் துல்லியமான அளவில் செய்யப்படுவதில்லை. அனுமதிக்கப்பட்ட விலகலுக்குள் செய்யப்படுகிறது. உடல் ஒரு பக்கம் சற்று விலகியிருக்கிறது, வரையறைக்குள்தான். லென்ஸும் அதே பக்கம் சற்று விலகியிருக்கிறது, அதுவும் வரையறைக்குள்தான். இரண்டையும் சேர்த்து மாட்டினால் விலகல்கள் கூடிக்கொண்டு வரையறைக்கு வெளியே போய்விடுகின்றன. தனித்தனியாகச் சரியான இரண்டு, சேர்ந்தால் தவறு. பிழை எதன் உள்ளேயும் இல்லை, உறவில் இருக்கிறது. சசூரைப் படித்தவர்களுக்கு இது புதிதில்லை: குறியின் மதிப்பு அதனுள் இல்லை, மற்றக் குறிகளோடு அதற்குள்ள உறவில் இருக்கிறது. பின்னால் திருத்த மெனு உள்ள உடல் ஒன்று கைக்கு வந்தபோது அதே லென்ஸுக்கு பிளஸ் 8 தேவைப்பட்டது. நண்பரின் உடலில் மாட்டினால் மைனஸ் 3. எண் லென்ஸுக்குச் சொந்தமில்லை, உடலுக்கும் சொந்தமில்லை. அந்த ஜோடிக்குத்தான் சொந்தம்.

திருத்தும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். உணரிக்கு இணையாக நிற்கும் தட்டையான இலக்கு ஒன்று, அதன் பக்கத்தில் சாய்த்து வைத்த ஸ்கேல் ஒன்று. ஸ்கேலையே குறிவைக்கக் கூடாது. குவியப் புள்ளி திரையில் தெரியும் கட்டத்தைவிடப் பெரிய பரப்பைப் பார்க்கும், சாய்வில் எதைப் பிடித்தது என்று தெரியாது. தொலைவு, லென்ஸின் குவிய நீளத்தைப் போல 25 முதல் 50 மடங்கு. லென்ஸை முழுக்கத் திறந்து, நடுப்புள்ளியை மட்டும் வைத்து, ஒவ்வொரு தடவையும் குவியத்தைக் கலைத்துவிட்டு, அண்மையிலிருந்து சில, தொலைவிலிருந்து சில என்று பல படங்கள். ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்திரம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஸ்கேலில் முன்னும் பின்னும் உள்ள மங்கலைப் பார்த்து எண்ணை மாற்றி, மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒரு பகல் போகும்.

அந்த மேசையில் கற்றுக்கொண்டவை இரண்டு. ஒன்று, சராசரியைத் திருத்தலாம், சிதறலைத் திருத்த முடியாது. எல்லாப் படமும் ஒரே பக்கம் விலகினால் எண் உதவும். முன்னும் பின்னுமாகச் சிதறினால் எந்த எண்ணும் உதவாது. இரண்டாவது, ஓர் எண் எல்லாத் தொலைவுக்கும் பொருந்துவதில்லை. ஜூம் லென்ஸின் இரண்டு முனைகளுக்கும் தனித்தனி எண் வைக்கும் வசதியைப் பின்னர் கேனன் கொடுத்ததும், 2013இல் சிக்மா நிறுவனம் தன் லென்ஸ்களை நான்கு தொலைவுகளில் தனித்தனியாகத் திருத்தும் கருவியை விற்றதும் இதனால்தான். ஒற்றை மையத் திருத்தம் போதாது என்பதை எந்திரமே சொல்லிவிட்டது.

ஆனால் இந்தச் சுதந்திரத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தொழிற்சாலை செய்ய வேண்டிய கடைசிக்கட்ட வேலையைக் காசு கொடுத்து வாங்கியவன் கூலியில்லாமல் செய்கிறான். இலக்கு அட்டைகளையும் கணினி நிரல்களையும் விற்க ஒரு புதுச் சந்தையும் உருவாகிவிட்டது. அந்த உரிமைகூட எல்லோருக்கும் இல்லை. 2008இல் வந்த கேனன் 50டியில் திருத்த மெனு இருந்தது. 2010இல் அடுத்து வந்த 60டியில் எடுத்துவிட்டார்கள். 2013இல் 70டியில் திருப்பிக் கொடுத்தார்கள். நிக்கானின் விலை குறைந்த உடல்களில் அது இருந்ததே இல்லை. சில வரி நிரல்தான் வித்தியாசம் என்றே தோன்றுகிறது. மலிவான எந்திரம் வைத்திருப்பவனுடைய பிழை அவனுடைய கைப்பிழையாகவே எண்ணப்படும். 'கேமராவ சரியாப் பிடிக்கத் தெரியல' என்பார்கள். எந்திரத்தின் பிழையை நிரூபிக்கும் கருவி விலை உயர்ந்த உடலுக்குள் பூட்டிக்கிடக்கிறது.

7

70டியைத் திரும்பவும் பார்க்க வேண்டியிருக்கிறது. திருத்த மெனு திரும்பி வந்த அதே கேமராவில்தான் அந்த மெனுவுக்கு முடிவுகட்டும் தொழில்நுட்பமும் வந்தது. படம் பதியும் உணரியின் பிக்சல்களையே இரண்டாகப் பிளந்து, அங்கேயே குவியத்தை அளக்கும் ஏற்பாடு. கண்ணாடியில்லாக் கேமராக்கள் (மிரர்லெஸ்) இந்த வழியில்தான் வளர்ந்தன. 2020க்குப் பிறகு கேனனும் நிக்கானும் புதிய உயர்நிலை டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. தீர்மானிக்கும் கண்ணும் பதியும் கண்ணும் ஒன்றாகிவிட்டதால் பழைய முன்-பின் விலகல் பெரும்பாலும் இல்லாமல் போனது. லென்ஸைக் குறுக்கும்போது குவியம் நகரும் சில லென்ஸ்களின் குணம் போன்ற சில்லறைச் சிக்கல்கள் மிச்சம் உண்டு. மற்றபடி இது உண்மையான முன்னேற்றம்தான், மறுக்கத் தேவையில்லை.

கிளாடேயின் பிளவு மூடிக்கொண்டது. கேமரனின் கேள்வி மூடிக்கொள்ளவில்லை, இடம் மாறிவிட்டது. முன்பு எந்திரம் 'நீ சுட்டிய இடத்தில்' கூர்மையாக நிற்கப் பார்த்தது. இப்போது எந்த இடம் என்பதையும் அதுவே தேர்ந்தெடுக்கிறது. சட்டகத்துக்குள் மனிதர் யார், முகம் எது, கண் எது என்று கண்டுபிடித்து, அங்கே போய் நிற்கிறது. மங்கலாகிற மற்றதெல்லாம் பின்னணி. இந்த முடிவு பல லட்சம் படங்களைக் காட்டிப் பழக்கிய நிரலுக்குள் நடக்கிறது. இதற்கு மைனஸ் 20, பிளஸ் 20 என்று எந்த அளவுகோலும் இல்லை.

இந்த வகை நிரல்களின் முன்கதை நமக்கு எச்சரிக்கை. 2009 டிசம்பரில் எச்பி கணினி ஒன்றின் கேமரா வெள்ளைப் பெண்ணின் முகத்தைப் பின்தொடர்ந்து நகர்ந்தது. பக்கத்தில் நின்ற கறுப்பு இளைஞரின் முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர்கள் வெளியிட்ட வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. கண்ணுக்கும் கன்னத்துக்கும் மூக்குக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை வைத்து முகத்தை அறிவதாகவும், முன்னொளி போதாவிட்டால் அது தடுமாறலாம் என்றும் நிறுவனம் விளக்கம் சொன்னது. 2018இல் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் விற்பனையில் இருந்த மூன்று முகப் பகுப்பாய்வு நிரல்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வேலையில், வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் ஒரு நிரலில் 34.7 சதவீதம் வரை. இது குவியம் பற்றிய ஆய்வு இல்லை. அப்படி நீட்டிச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அவர்கள் செய்த காரியத்தைக் கவனியுங்கள். கம்பெனியின் மொத்தச் சராசரியை ஏற்றுக்கொள்ளாமல், தாங்களே ஓர் இலக்கைத் தயாரித்து, நிறவாரியாக, பால்வாரியாக வைத்துப் படித்தார்கள். சராசரி மறைத்து வைத்திருந்த விலகல் வெளியே வந்தது. கிளாடேயின் குவியமானியும் செய்தது இதே காரியத்தைத்தான்: எண்ணிட்ட தகடுகளை வரிசையாக நிறுத்தி, எது கூர்மை பெறுகிறது, எது பெறவில்லை என்று கேட்பது.

இன்னொரு சின்னத் தகவல். 1992இல் கேனன் இஓஎஸ் 5 என்ற கேமரா வந்தது. பார்ப்பவரின் கண்மணி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் புள்ளியில் குவியம் வைக்கும் வசதி அதில் இருந்தது. அதற்கு ஒரு நிபந்தனை: முதலில் உங்கள் கண்ணைக் கேமராவுக்குப் பழக்க வேண்டும். குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கண்ணைப் பதிவு செய்ய வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் சிலருக்கு அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. 2021இல் இஓஎஸ் ஆர்3 கேமராவில் அந்த வசதி திரும்பி வந்திருக்கிறது. லென்ஸைக் கண்ணுக்கேற்பத் திருத்திய காலம் போய், கண்ணை எந்திரத்துக்கேற்பத் திருத்திக் கொடுக்கும் காலம் இது.

எழுதுகிறவர்களும் களத்தில் வேலை செய்கிறவர்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? போராட்டங்களை, மலக்குழி மரணங்களை, இடிக்கப்பட்ட குடிசைகளை இன்று நாம் கைபேசியிலும் கேமராவிலும்தான் ஆவணப்படுத்துகிறோம். அந்தக் கருவிகள் எதைக் கண்டதும் நிற்கின்றன, எதைத் தாண்டிப் போகின்றன என்று நாம் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்கப் பெரிய கூடம் வேண்டியதில்லை. மங்கிய விளக்கில், கூட்டத்தில், கருத்த முகங்களை, தலைப்பாகைகளை, முக்காடுகளை, கைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் பத்துத் தடவை எடுத்து, எங்கே போய் நிற்கிறது என்று எண்ணிக் குறித்தால் போதும். ஒரு படம் தற்செயல். ஐம்பது படங்கள் ஒரே பக்கம் விலகினால் அது சாட்சியம். அப்போது 'எல்லாம் ஸ்பெக்குக்குள்ளதான் இருக்கு' என்கிற பதில் வரும். அந்த ஸ்பெக்கை எழுதியபோது யாருடைய முகம் மேசையில் இருந்தது என்று கேட்பதற்கு, அந்த ஐம்பது படங்களும் நம் கையில் இருக்க வேண்டும்.